விருந்தும் விரதமும்: முன்கூட்டிச் செய்யத் தக்கது எது?

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, சாவகப் பெருமக்கள் முன்னும் இல்லறம் காக்கும் தாய்மார்கள் முன்னும் ஒரு வினாவை வைக்க விழைகிறோம். வினா அடுக்களையில் பிறந்தது. விடையோ அறநூலைத் தொட்டு நிற்பது.

தீபாவளி நெருங்குகையில் நம் இல்லங்களில் இளைய மருமக்கள் கேட்கும் வினா அது. "அத்தை, ஐம்பது பேர் உண்ண வருகிறார்கள். கூட்டையும் பொரியலையும் முதல் நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் காலை நாங்களும் பூசையில் நிற்கலாமே! அதில் என்ன பிழை?"

இதனைச் சோம்பலின் குரல் என்று ஒதுக்குதல் தகாது. ஊத்துக்குளி தொடங்கித் திருப்பூர் வரை உள்ள ஊர்களில் பெண்கள் பலர் பனியன் கம்பெனிகளில் பணிபுரிகின்றனர். கணக்கு எழுதுவோரும், தையல் மேற்பார்வை செய்வோரும், தரம் பார்ப்போரும் அவர்களுள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சரக்கை முடித்து அனுப்பும் நெருக்கடி மிகும். போனஸ் கையில் கிடைத்து விடுமுறை தொடங்கும்போது உடல் ஓய்ந்திருக்கும். மறுநாள் பொழுது புலருமுன் எழ வேண்டும். அன்றோ பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள். மரபுக் கணக்கின்படி அது கி.மு. 527. அந்த வைகறைப் பூசையில் வீட்டு ஆடவரும் குழந்தைகளும் நிற்க, பெண்கள் மட்டும் அடுப்படியில் நின்றால், பண்டிகை யாருக்கு? கேட்பவள் வேண்டுவது பெருமான் திருமுன் தனக்கும் ஓர் இடம். ஆகவே அவ்வினாவுக்கு நேர்மையான விடை தருவது மூத்தோராகிய நம் கடமை.

அறநூல் காட்டும் வழி

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் ஒன்று அதிதி சம்விபாகம். வந்தவர்க்குப் பகுத்தளித்து உண்ணுதல் என்பது அதன் பொருள். உமாசுவாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் இவ்விரதத்துக்கு நேரக்கூடிய ஐந்து குற்றங்களை எண்ணிக் காட்டுகிறார். உயிருள்ள பச்சைப் பொருளின்மேல் உணவை வைத்தல், அத்தகைய பொருளால் உணவை மூடுதல், தன்னுடையதைப் பிறருடையது எனக் கூறுதல், மாற்சரியத்தோடு அளித்தல், காலம் கடந்து அளித்தல் என்பன அவை.

இவை முதன்மையாக முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும்போது கருத வேண்டியவை. ஆயினும் உறவினர்க்கு இலை போடும் இல்லத்துக்கும் இவை பொருந்தும். அவற்றுள் இறுதி இரண்டையே இன்று எடுத்துக்கொள்கிறோம். 'காலம் கடத்தல்' என்னும் குற்றம் நம் மருமகளின் வினாவை நேரே தொடுகிறது. 'மாற்சரியம்' என்னும் குற்றமோ, அவளை அவ்வாறு வினவச் செய்த நம்மைத் தொடுகிறது. முதலில் காலத்தைப் பார்ப்போம்.

உணவுக்கும் ஆயுள் உண்டு

சமைத்த உணவில் நேரம் செல்லச் செல்லக் கண்ணுக்குப் புலப்படா உயிர்கள் தோன்றிப் பெருகும் என்பது நம் ஆகமக் கொள்கை. ஆகையால் பெரியோர் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை வகுத்தனர். வடிகட்டிய நீருக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். நன்கு கொதிக்கவைத்த நீருக்கு ஒரு நாள். பருப்பு, கூட்டு, குழம்பு, நீர் சேர்த்த கறி ஆகியவற்றுக்கு இரண்டு சாமம், அதாவது 6 மணி. எண்ணெயில் முறுகப் பொரித்தவற்றுக்கு எட்டுச் சாமம், அதாவது 24 மணி. அரைத்த மாவுக்கும் இடித்த பொடிக்கும் மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள். நெய்க்கும் எண்ணெய்க்கும் மணமும் சுவையும் மாறாத வரை எல்லை உண்டு. மரபுக்கு மரபு சிறு வேறுபாடுகள் இருக்கலாம். அவரவர் குடும்ப வழக்கையும், தாம் வணங்கும் முனிவர் வாக்கையும் பின்பற்றுதல் நன்று.

இவ்வரிசையை ஊன்றிப் பாருங்கள். ஒரே ஓர் உண்மைதான் இதில் ஓடுகிறது. ஈரம் மிகுந்தது விரைவில் எல்லையை அடைகிறது. ஈரம் குறைந்தது நீண்டு நிற்கிறது. ஈரமே இல்லாதது நெடுநாள் நிற்கிறது. நீர் உள்ள இடத்தில் நுண்ணுயிர் பெருகும் என்று இன்றைய அறிவியல் கூறுவதும் இதுவே.

இதற்கு வேறு ஊர் சென்று சான்று தேட வேண்டா. ஊத்துக்குளி என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது வெண்ணெய். ஆனால் வெண்ணெயை விலக்கத்தக்க பொருள்களுள் ஒன்றாகச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சேர்த்திருக்கிறார். காரணம் வெண்ணெயில் தங்கியிருக்கும் மோரின் ஈரம். கடைந்தெடுத்த வெண்ணெயை இரண்டு நாழிகைக்குள் உருக்கிவிட்டால் அது நெய்யாகி, சாவகர் உண்ணத் தக்கதாகிறது. இந்திய உணவுத் தர விதிகள் வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு வரையும், நெய்யில் அரைப் பங்கு வரையுமே ஈரத்தை அனுமதிக்கின்றன. பொருள் ஒன்றே, ஈரம் நீங்கியதால் அதன் காலம் நீண்டது. முன்கூட்டிச் செய்யத் தக்கது எது, தகாதது எது என்ற வினாவுக்கு ஊத்துக்குளியின் உருக்குச் சட்டியே விடை கூறுகிறது. ஈரத்தை விலக்கிய ஆயத்தங்கள் அனைத்தையும் முன்கூட்டிச் செய்யலாம். ஈரம் சேரும் செயல் அனைத்தையும் உண்ணும் நாளில், கதிரவன் ஒளியில் செய்க.

"குளிர்பதனப் பெட்டி ஈரத்தைக் கட்டுப்படுத்தாதா?" என்பீர்கள். கட்டுப்படுத்தாது. குளிர், நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும், முற்றும் நிறுத்தாது. மேலும் ஐம்பது பேருக்கான கூட்டைப் பெரிய தவலையோடு வீட்டுப் பெட்டியில் வைத்தால், விளிம்பு குளிர்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்பே கேடு விளையும் சூடு. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலோ 5 பாகைக்குக் கீழோ இருக்க வேண்டும் என மருத்துவர் கூறுவது இதனாலேயே. சிறு கிண்ணங்களில் பிரித்து விரைவாகக் குளிரச் செய்தால் உடலுக்குத் தீங்கு நேராது என்பதும் உண்மையே, அதனை மறுக்கவில்லை. ஆனால் உண்பவர் நலத்தோடு நம் கணக்கு முடிவதில்லை. உணவில் தோன்றி மடியும் உயிர்களையும் நாம் கணக்கில் கொள்கிறோம். இரவில் அடுப்பு மூட்டினால் விளக்கையும் தீயையும் நாடி வந்து விழும் பூச்சிகளையும் எண்ணுகிறோம். ஆகவே முதல் நாள் இரவில் கூட்டுச் செய்தல் நமக்கு ஒவ்வாது.

பாடக்குறிப்பும் பந்தியும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதல் ஒழுங்கு, பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பில் நுழையலாகாது என்பது. நோக்கம் எது, துணைக்கருவி எது, எந்த நிமிடத்தில் எந்த வினா என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும். படங்களைச் சுருட்டி வைக்கலாம். சுண்ணக்கட்டியை எடுத்து வைக்கலாம். ஆயின் பாடத்தை மட்டும் முதல் நாள் இரவே நடத்திவிட முடியாது. அது மாணவர் முகம் பார்த்து, அந்த மணியில்தான் நிகழ வேண்டும். நல்ல குறிப்புள்ள ஆசிரியர்க்கு வகுப்பு எளிதாகும். குறிப்பில்லாதவர்க்கு ஒரு மணி நேரமும் மலையாகும்.

பந்தியும் அத்தகையதே. கறியை முன்கூட்டிச் செய்ய இயலாது. கறிக்கான குறிப்பை முன்கூட்டியே நிறைவேற்றலாம். அதைச் செய்யாத இல்லத்தில்தான் பண்டிகைக் காலையில் பெண்கள் பூசையை இழக்கின்றனர்.

நம் மூன்று பெரும் விடுமுறைகள் மூன்று பருவங்களில் அமைந்திருப்பது நமக்கு வாய்ப்பு. தீபாவளி நமக்குச் சாதுர்மாச மழைக்காலம். பொடியின் எல்லை 3 நாள். பொங்கல் குளிர்காலம், எல்லை 7 நாள். பங்குனி அல்லது சித்திரையில் வரும் மகாவீர் செயந்தி கோடை. எல்லை 5 நாள். ஒரு தாளில் இம்மூன்றையும் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்தால் பாடமும் ஆகும்.

காய் தேர்தல்

கூட்டத்துக்குச் சமைப்போர் முதலில் நாடுவது உருளைக்கிழங்கு. விலை மலிவு, வேலை எளிது, குழந்தைகளும் விரும்புவர். எனினும் கிழங்குகள் அனந்தகாயம். ஓருடலில் எண்ணற்ற உயிர்கள் தங்கியவை. பறித்தால் செடியும் மாயும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, சேனை, வெங்காயம், பூண்டு, பச்சை இஞ்சி ஆகியவையும் இவ்வகையே. இஞ்சிக்கு மாற்றாகச் சுக்குப் பொடி மணம் தரும். விதை மிகுதியால் கத்தரியையும், இதழிடுக்கில் புழு மறைவதால் பூக்கோசையும் விலக்குவோர் பலர். மழைக்காலக் கீரையிலும் அதே அச்சம் உண்டு.

விலக்கியவற்றை எண்ணி வருந்த வேண்டா. அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, சுரை, கோவை, பாகல், முருங்கைக்காய், வாழைக்காய், பூசணி என நமக்குக் கொடியும் மரமும் தருவன ஏராளம். அவரையைப் பறித்தாலும் கொடி வாழ்ந்து மீண்டும் காய்க்கும். கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்று அழைக்கும் மஞ்சள் பூசணியோ விருந்து நடத்துவோர்க்குப் பெருந்துணை. வெட்டாத முற்றிய காய் தடித்த தோலுக்குள் வாரக்கணக்கில் கெடாது நிற்கும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே சந்தையில் வாங்கிக் காற்றோட்டமான மூலையில் வைத்துவிடலாம். இயற்கையே முன்கூட்டி ஆயத்தம் செய்து தந்த காய் அது. வெட்டுவது மட்டும் உண்ணும் நாளில் ஆகட்டும்.

ஐம்பது பேருக்கு நான்கு துணைக்கறிகள்

முதலாவது, அவரைக்காய்ப் பொடிப் பொரியல். ஐம்பது பேருக்கு அவரைக்காய் 5 கிலோ. பொடிக்குத் தனியா 250 கிராம், கடலைப்பருப்பு 150 கிராம், வெள்ளை எள் 100 கிராம், காய்ந்த மிளகாய் 50 கிராம், சீரகம் 25 கிராம் எடுத்து, ஒவ்வொன்றாக வெறும் வாணலியில் வறுத்து, நன்கு ஆறவிட்டு, கரகரப்பாக அரைக்க வேண்டும். ஆறாமல் அரைத்தால் ஆவி நீராகிப் பொடியில் ஈரம் ஏறும். பகலில் அரைத்து, ஈரமற்ற மூடியுள்ள பாத்திரத்தில் நாள் குறித்து வையுங்கள். தேங்காயைப் பொடியில் சேர்க்கலாகாது; அது ஈரம். பண்டிகையன்று காயை நறுக்கி, உப்பிட்டு, சிறிது நீர் தெளித்து வேகவைத்து, தாளித்து, இறக்கும் தறுவாயில் பொடி தூவினால் போதும். மசாலை அரைக்கும் வேலை அன்று முழுவதும் மிச்சம்.

இரண்டாவது, அரசாணிக்காய்ப் பாசிப்பருப்புக் கூட்டு. காய் 5 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ. தட்டைப்பயறும் மொச்சையும் இரவெல்லாம் ஊற வேண்டும். ஊறினால் முளை எழும்பும். பாசிப்பருப்புக்கு அது தேவையில்லை. மூன்று நாள் முன்பே பருப்பைத் தட்டில் பரப்பிக் கல்லும் வண்டும் பார்த்து, வெதுவெதுப்பாக வறுத்து எடுத்து வைத்தால், அன்று அரை மணிக்குள் குழைந்துவிடும். தேங்காய் மூன்று மூடியும் சீரகமும் மிளகாயும் அன்றே அரைத்துச் சேர்க்கவும். இறுதியில் ஒரு கரண்டி நெய்.

மூன்றாவது, வாழைக்காய் வறுவல். 25 காய்கள் போதும். மெல்லிதாகச் சீவி எண்ணெயில் முறுக எடுத்து, உப்பும் மிளகுப்பொடியும் தூவுவது. பொரித்தவற்றுக்குரிய எட்டுச் சாம எல்லைக்குள் அடங்குமாதலால், முதல் நாள் பிற்பகலிலேயே செய்து முடிக்கலாம். நான்கு கறிகளுள் ஒன்று இவ்வாறு முன்னரே முடிந்துவிடுகிறது. நன்கு ஆறிய பின்னரே மூடி வைக்கவும்.

நான்காவது, வெள்ளரிப் பச்சடி. வெள்ளரி இரண்டரைக் கிலோ, தயிர் 3 லிட்டர். இதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாகப் பிளக்கும் பருப்பைக் காய்ச்சாத தயிரோடு கலப்பது துவிதளம் என்னும் விலக்கு. நாமோ பழக்கத்தால் பச்சடிக்கு உளுத்தம்பருப்பு இட்டுத் தாளித்துவிடுகிறோம். கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் மட்டும் இட்டுத் தாளியுங்கள், சுவை குறையாது. தயிர் முதல் நாள் பகலில் உறையிட்டதாக இருக்கட்டும். வெள்ளரியைப் பந்திக்கு அரை மணி முன்னர் நறுக்கினால் நீர் விடாது.

மகாவீர் செயந்திக்கு மேலும் ஒன்று கூட்டலாம். மாசி, பங்குனி வெயிலில் உப்பிட்டு அவித்துக் காயவைத்த கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் அந்நாளில் புதியனவாகக் கைவசம் இருக்கும், பொரித்தால் போதும். மழைக்காலக் காற்றின் ஈரத்தை வற்றல் இழுத்துப் பூஞ்சணம் பிடிப்பதால், சாதுர்மாசத்தில் அதனை விலக்குவோர் உண்டு. ஆகவே தீபாவளிப் பந்தியில் வற்றல் வேண்டா. பொங்கலுக்கு 7 நாள் எல்லை இருப்பதால் எள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் ஒரு வாரம் முன்பே செய்து, சூடான சோற்றில் நெய்யோடு பரிமாறலாம்.

நாளும் மணியும்

தீபாவளியையே எடுத்துக்கொண்டு கால அட்டவணை தருகிறோம். மூன்றாம் நாள் முன்பு: பொடிகளும் பருப்பும். இரண்டாம் நாள் முன்பு: பாத்திரம், இலை, விறகு அல்லது எரிவாயு, வடிதுணி. வடிதுணி பற்றி நம் வட்டாரத்தார்க்கு ஒரு சொல். வீட்டில் பனியன் துண்டுத் துணி நிறையக் கிடக்கிறது என்று அதனால் நீரை வடிகட்டலாகாது. அது பின்னல் துணி. இழுத்தால் கண் விரியும். கெட்டியாக நெய்த பருத்தித் துணியை இரண்டாக மடித்தே வடிகட்ட வேண்டும்.

முதல் நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே: அவரையைக் கழுவித் துடைத்து, முழுதாகவே ஆய்ந்து நாரெடுத்தல். துளை உள்ள காயைத் தனியே எடுத்துவிடுங்கள். புழு தென்பட்டால் காயோடு செடி நிழலில் விடுங்கள். ஐம்பது பேருக்கான காயை அவசரத்தில் நறுக்கும்போது நேரும் இம்சையே மிகுதி. அமைதியாக ஆயும் மாலையில் அது நேராது. நறுக்குவதை மட்டும் மறுநாளுக்கு விடுங்கள்.

பண்டிகையன்று: வைகறைப் பூசையில் வீட்டார் அனைவரும் நிற்கட்டும். கதிரவன் எழுந்தபின் எட்டு மணியளவில் பத்துக் கைகள் அரிவாள்மணை முன் அமர்ந்தால் ஒன்பதுக்குள் காய் நறுக்கி முடியும். பத்தரை மணிக்குள் கூட்டும் பொரியலும் இறங்கும். பன்னிரண்டுக்குப் பந்தி.

இங்கே ஒரு கணக்கு. பத்தரைக்கு இறக்கிய கூட்டின் இரண்டு சாமம் மாலை நாலரைக்கு முடிகிறது. மாலை உணவு ஐந்து மணிக்கு என்றால் காலைக் கூட்டு அதற்கு ஆகாது. ஐப்பசியில் ஆறு மணியளவில் கதிரவன் மறைவான். அதற்கு இரண்டு நாழிகை முன்பே உண்டு முடிப்பது நம் ஒழுக்கம். ஆகவே காயில் மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் ஒதுக்கி வைத்து, நான்கு மணிக்குப் புதிதாக ஒரு சிறு பொரியல் செய்யுங்கள். பொடி ஆயத்தமாக இருப்பதால் அரை மணி வேலைதான். காலையிலேயே எல்லாவற்றையும் சேர்த்து ஆக்கிவிட்டு, மாலையில் எல்லை கடந்ததை உண்பதா, கொட்டுவதா என்று தவிக்கும் நிலை நேராது.

மாற்சரியம் என்னும் குற்றம்

இதுவரை காலத்தைப் பேசினோம். இனி முதலில் குறித்த மற்றொரு குற்றத்துக்கு வருகிறோம். மாற்சரியம் என்பது பொறாமை. மனம் கசந்து, மதிப்பின்றி அளித்தலும் அதனுள் அடங்கும்.

ஒரு வீட்டில் ஏழு துணைக்கறி பரிமாறினர் என்பதற்காக நம் வீட்டில் ஒன்பது செய்யத் துணிவது மாற்சரியம். உண்பவர்க்கு அவற்றுள் பாதி தேவையில்லை. இலையில் எஞ்சிக் குப்பையைச் சேரும். மேலே நாம் கூறியவை நான்கே. சோறு, சாம்பார், இரசம், ஓர் இனிப்பு சேர்ந்தால் அது நிறைவான விருந்து. ஐந்தாவது கறி வேண்டுமென்று எவரேனும் கூறினால், அதனை ஆய்ந்து நறுக்கி ஆக்கும் பொறுப்பையும் அவரே ஏற்கட்டும்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. விதிப்படி வடிகட்டிய நீர், விதிப்படி தேர்ந்த காய், விதிப்படி நேரம், எல்லாம் சரி. ஆனால் ஒரே ஒருத்தி தனியே நின்று ஆக்கி, இடுப்பு நோவ, மனம் கசந்து இலையில் இடுகிறாள் என்றால், அந்த அன்னம் தூயதாகுமா? கசந்தது அவள் மனம். கசக்கச் செய்தது வீடு. ஓரறிவுயிர்க்கு இரங்கி உருளைக்கிழங்கை விலக்கும் நாம், உடன் வாழும் ஐயறிவும் மனமும் உடைய உயிரை வருத்தலாமா? அகிம்சை இலையில் தொடங்குவது என்று எண்ணுகிறோம். அது அடுப்படியில் நிற்பவளிடம் தொடங்க வேண்டும்.

ஆகவே மருமகளுக்கு நாம் தரும் விடை 'கூடாது' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடலாகாது. 'முதல் நாள் இரவு வேண்டா. மூன்று நாள் பகலை நாங்கள் உனக்குத் தருகிறோம்' என்பதே முழுமையான விடை. நீ கம்பெனிக்குச் சென்றிருக்கும் பகலில் பொடி வறுப்பது, ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் எம் போன்ற முதியோர் வேலை. அவரை ஆய்வது பிள்ளைகள் வேலை; பன்னிரண்டு வயதுக் கண்ணுக்குப் புழு தப்பாது. தேங்காய் உடைத்துத் துருவுவதும், பூசணி வெட்டுவதும், தவலை இறக்குவதும், பந்தி பரிமாறுவதும் ஆடவர் வேலை. திருமணச் சமையற்கட்டில் ஆடவர் கரண்டி பிடிப்பதை நாம் காண்கிறோமே. வீட்டில் மட்டும் ஏன் அது தாழ்வாகும்?

விரத ஒழுக்கம் அவரவர் ஆற்றலுக்கு உட்பட்டது என்பதையும் நினைவில் வைப்போம். இல்லறத்தார்க்கு அணுவிரதமே வகுத்தனர். நோயாளி, கைக்குழந்தையின் தாய், இரவுப் பணியாளர் ஆகியோர் முழு எல்லையையும் காக்க இயலாதபோது அவர்களை இகழ்தல் அறமன்று. இன்று ஒரு படி ஏறியவர் நாளை மறுபடி ஏறுவார்.

எஞ்சியதும் ஓர் அறம்

எத்துணைக் கணக்கிட்டாலும் பந்தி முடிந்தபின் சிறிது எஞ்சும். அதனை மறுநாளைக்கு வைத்தல் நமக்கில்லை. கொட்டுதலும் கூடாது. நம் பகுதியில் ஒரு வழி திறந்தே இருக்கிறது. தீபாவளி விடுமுறையில் உள்ளூரார் தத்தம் ஊர் செல்ல, ஒடிசா, பீகார் முதலிய தொலைவிடங்களிலிருந்து வந்து பனியன் தொழிலில் உழைப்போர் சிலர் ஊர் போக இயலாமல் அறைகளிலேயே தங்கிவிடுகின்றனர். அவர்கள் சமைக்கும் இடமும் மூடியிருக்கும் நாள் அது. பிற்பகல் இரண்டு மணிக்குள், உணவு சூடாக, எல்லைக்குள் இருக்கும்போதே கொண்டு சென்று கொடுங்கள். மிச்சத்தைத் தள்ளுவது போலன்றி, அவர்களுக்கென்றே ஐந்து பேர் உணவைக் கூட்டி ஆக்கினால் இன்னும் சிறப்பு. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்துள் முதலில் நிற்பது அதுவே. அதிதி என்ற சொல்லுக்கு நாள் குறிக்காமல் வருபவன் என்று பொருள் கூறுவர். வர இயலாதவனிடம் நாம் செல்வதும் அவ்விரதத்தின் விரிவே.

ஈரோடு நோக்கி இருப்புப்பாதையில் சென்றால் ஊத்துக்குளியை அடுத்து விசயமங்கலம் வருகிறது. அங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் கொங்கு நாட்டில் சமணம் தழைத்த காலத்தின் சாட்சி. பெருங்கதை செய்த கொங்குவேளிர் அவ்வூரினர். நன்னூல் தந்த பவணந்தியார் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சீனாபுரமும் அருகிலேயே உள்ளது. விடுமுறையில் விருந்தினரை வீட்டுக்குள்ளேயே அமர்த்திவிடாமல், உண்டபின் அத்தலங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்று அடுப்படியை விட்டுப் பெண்களும் உடன் செல்ல முடிந்தால், நம் ஆயத்தம் சரியாக அமைந்தது என்று பொருள்.

காயும் பருப்பும் சிறு பொருள்கள்தாம். ஆயினும் இல்லறத்தாரின் தவம் அவற்றிலேயே நிகழ்கிறது. வருகின்ற பண்டிகைக்கு நாட்காட்டியில் மூன்று நாள் முன்பாக ஒரு குறியிடுங்கள். வேலையை வீட்டார் அனைவர்க்கும் பெயர் எழுதிப் பகிருங்கள். பந்தியில் இலை போடுமுன், ஆக்கியவரும் பூசையில் நின்றாரா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா உயிரும் இன்புறுக! ஜினதருமம் ஓங்குக!